வட்ட மேசையும் தண்ணீர்ப் பானையும்

சுவரை இடித்துவிட்டால் சனங்கள் ஒன்றுசேர்ந்து விடுவார்கள் என்று ஒரு புது வேதம் கிளம்பியிருக்கிறது. மேசையை வட்டமாகப் போடு. அறைக்கதவைக் கழற்று. அதிகாரியையும் குமாஸ்தாவையும் ஒரே கூடத்தில் உட்காரவை. மூலையில் ஒரு டீ மெஷினை வை. பத்துப் பேரும் கலந்து பேசுவான், வேலை பொங்கிப் பொங்கி வரும்... கம்பெனிக்காரன் இதைச் சொல்கிறான். அரசாங்கப் பயிற்சி மையம் சொல்கிறது. தொண்டு நிறுவனத்துக்காரர் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கையில் கொடுத்து 'அஞ்சஞ்சு பேராப் பிரிஞ்சு உக்காருங்க' என்கிறார். பள்ளிக்கூடத்திலும் 'குழுச் செயல்பாடு' வந்தாச்சு. சேர்ந்து வேலை செய்ய எல்லாருக்கும் ஒரு பொது இடம் வேண்டுமாம். அந்த இடத்தை எப்படி வடிவமைப்பது என்று சொல்லித்தர நிபுணர்கள் இருக்கிறார்களாம்.

நல்லது. பொது இடத்தைப் பற்றிப் பேச இந்த நாட்டில் எங்களைவிடப் பெரிய நிபுணன் எவன்? எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றணும், எந்தத் திண்ணைக்கு எத்தனை அடி தள்ளி நிக்கணும், எந்தக் கடையில் எந்த டம்ளர் நமக்கு என்பதெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உடம்பால் அளந்து வைத்த கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த வட்ட மேசைக்காரர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்களுடைய கணக்கையே பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த கூடமாக மாறிய இரண்டு பெரிய நிறுவன அலுவலகங்களில், ஆட்களின் உடம்பில் கருவி மாட்டி யார் யாரோடு நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள். பேச்சு கூடவில்லை, சுமார் 70 விழுக்காடு குறைந்துபோனது. பக்கத்தில் இருக்கிறவனுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு அவனவன் தனக்குள் ஒடுங்கிவிட்டான். சாதி என்றால் என்னவென்று தெரியாத ஊரிலேயே சுவரை எடுத்தால் இதுதான் கதி. சாதியிலேயே பிறந்து சாதியிலேயே சாகிற நம்மூரில்?

நம்மூரில் நிஜமாகவே ஒரு சுவரை இடித்துப் பார்த்தாச்சு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய தீண்டாமைச் சுவர். 2008 மே 6 அன்று போலீஸ் காவலோடு அரசாங்கமே அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. என்ன நடந்தது? சாதி இந்துக்களில் ஒரு கூட்டம் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு தாழையூத்து மலையடிவாரத்தில் போய்க் குந்திக்கொண்டது. நம்மாளு நடக்கிற பாதையில் தானும் நடப்பதைவிட ஊரைவிட்டே போவது மேல் என்று நினைத்தவனிடம் மேசையின் வடிவத்தைப் பற்றி என்னத்தைப் பேசுவது? செங்கல்லை இடித்த அன்றைக்கே உள்ளே இருந்த சுவர் வெளியே தெரிந்துபோனது.

சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் அந்த உள்சுவர் எங்கே நிற்கிறது? கட்டிட வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. தண்ணீர்ப் பானையில் தேடணும்.

பாபாசாகேப் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, பதவியும் இருந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்த சிப்பந்திகள் ஃபைலைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வீசிவிட்டுப் போனார்கள். அந்த அலுவலகத்தில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் கிளப்பினார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள். பொருளாதாரமும் சட்டமும் கற்றுக்கொடுக்கிறவர்கள். ஓர் அறை, ஒரு தொழில், ஒரே சம்பளக்காரர்கள். இந்த நிபுணர்கள் கேட்கிற 'பொது இடம்' அங்கே தயாராகத்தான் இருந்தது. பானைதான் பொதுவாக இல்லை.

படித்தவன்தான் இப்படி, பாட்டாளி அப்படியா என்று சில தோழர்கள் கேட்பார்கள். பம்பாய்ப் பஞ்சாலைகளைப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே சங்கு, ஒரே முதலாளி. ஆனால் கூலி அதிகமான நெசவுப் பகுதிக்குள் தீண்டப்படாதவனை விடமாட்டான். காரணம் என்ன தெரியுமா? நூல் தீர்ந்தாலோ அறுந்தாலோ நாடாவின் கண்வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்மாளு எச்சில் பட்ட நாடாவில் அவன் வாய் வைப்பானா? ஆலை முதலாளி போட்ட விதி அல்ல இது; கூட வேலை செய்கிற தொழிலாளி போட்ட விதி. 1928-ல் மாதக்கணக்கில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் இதைத்தான் கேட்டார்: நெசவுப் பகுதியை எங்களுக்குத் திறக்கச் சொல்லிக் கோரிக்கையில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? அரைமனசோடுதான் சேர்த்தார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலைக்காரர்களையும் பிரித்து வைக்கிறது என்று 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் சொன்னது ஆகாயத்திலிருந்து வந்த தத்துவம் அல்ல. ஆலையின் எச்சிலிலிருந்து வந்தது.

சென்னையும் இதற்கு விலக்கு இல்லை. 1918-ல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றே வருஷம். 1921-ல் பக்கிங்ஹாம்-கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுபக்கம். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. 'கருங்காலிகள்' என்று ஒரே வார்த்தையில் எங்கள் சனத்தை எழுதித் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தச் சங்கத்தின் முடிவுகள் எடுக்கப்பட்ட இடத்தில் சேரிக்காரனுக்கு என்ன இடம் இருந்தது என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொண்டதில்லை. முடிவெடுக்கிற இடத்தில் இல்லாதவனை, முடிவுக்குக் கட்டுப்படவில்லை என்று அடிப்பதற்குப் பெயர் ஒற்றுமையா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் மட்டும் அதில் இல்லை. பொது அலுவலகமும் இருக்கிறது. எந்தச் சாதிக்காரனும் எந்த அரசு அலுவலகத்துக்குள்ளும் நுழையத் தடை கிடையாது என்று அன்றைக்கே தீர்மானமாகி அரசாணையும் வந்தது. அதற்கு 96 வருஷம் கழித்து, 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வெளியே வந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், ஆதிதிராவிடப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். வழக்குப் போட்டார்கள், நடவடிக்கை எடுத்தார்கள், சரி. ஆனால் அந்தப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். அந்த அறையில் தடுப்புச் சுவர் இல்லை. அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ்தான் கூடிப் பேசுகிறார்கள். நிபுணர்களின் பாஷையில் அது ஒரு 'குழு விவாதம்'.

நாற்காலி கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மேலவளவு முருகேசனே சாட்சி. தனித் தொகுதியாக்கிய ஊராட்சியில் நின்று ஜெயித்துத் தலைவரான குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நாலு ஊர்களில் அந்த நாற்காலியே பத்து வருஷம் காலியாகக் கிடந்தது. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. ஆள் இல்லாமல் நாற்காலி கிடந்தாலும் பரவாயில்லை, நம்மாளு மட்டும் உட்காரக் கூடாது. பொது இடம் பாழாய்ப் போனாலும் போகட்டும், பொதுவாக ஆகிவிடக் கூடாது.

வட்ட மேசைக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது, அங்கே எல்லாரும் சமம் என்கிறார்கள். வட்ட மேசையையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் ஐயா! 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டவர்கள் சார்பாக அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தார்கள். மகாராஜாக்களுக்குச் சமமாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த அந்தப் பெருமைக்காக அவர்கள் கப்பல் ஏறவில்லை. பங்கு கேட்கப் போனார்கள். தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் 1932 ஆகஸ்டில் கிடைத்தன. எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தார். அடுத்த மாதமே, செப்டம்பர் 24 அன்று, பூனா ஒப்பந்தம் அதைப் பிடுங்கிக்கொண்டது. நம்மை மேசையில் உட்காரவைப்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியும். மேசைமேல் இருப்பதில் நமக்கென்று ஒரு பங்கு எழுதினால்தான் உயிரே போய்விடும்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கிற நண்பர்களுக்காக அந்த 2018-ஆம் வருஷத்துக்கே திரும்ப வருகிறேன். ஹார்வர்டு ஆய்வு வந்த அதே வருஷம். ஜூலை மாதம் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்துக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்க வந்தார். எங்க பிள்ளைங்க சாப்பிடாது என்று பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் என்ன? அந்தம்மாவை இடம் மாற்றியது! போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. மாணவர் உணவுக்கூடத்தில் சைவக்காரர் நுழைய ஒரு வாசல், அசைவக்காரர் நுழைய இன்னொரு வாசல், கை கழுவக்கூடத் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாணவர்கள் அம்பலப்படுத்தியதும் கிழித்துப் போட்டார்கள். பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடமும் நாட்டின் உச்சாணித் தொழில்நுட்பக் கூடமும் ஒரே வருஷத்தில் ஒரே பாஷை பேசியதைக் கவனியுங்கள். மறித்த இடம் இரண்டிலும் ஒன்றுதான்: சோறும் தண்ணீரும்.

பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். பத்து மணிக்குக் குழு பிரிப்பார்கள். பேர் சொல்லி, நம்பர் சொல்லி, கலந்துதான் பிரிப்பார்கள். ஒரு மணி வரைக்கும் ஒரே சிரிப்பு, ஒரே கைதட்டல். ஒரு மணிக்குச் சோத்துப் பாத்திரம் திறக்கிறபோது பாருங்கள், காலையில் பிரித்த குழு ஒன்றுகூட இருக்காது. சொல்லாமல் கொள்ளாமல் அவனவன் ஆளோடு அவனவன் போய் உட்கார்ந்திருப்பான். சாப்பாடு முடிந்ததும் ஒரு அம்மா துடைப்பத்தோடு வருவார். கீழே கிடக்கிற சார்ட் பேப்பரைப் பொறுக்குவார், எச்சில் இலையை அள்ளுவார், கக்கூஸ் கழுவுவார். அவர் எந்தக் குழு? அவரிடம் யாரும் நம்பர் சொல்லச் சொல்லவில்லையே! அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் சொல்லணுமா?

ஒழுங்காக ஒரு பொது இடத்தை வடிவமைத்துப் பார்த்த முயற்சியே இல்லையா என்றால் உண்டு. 1997-ல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம். 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. தெருவைச் சாதிவாரியாகப் பிரிக்காமல் கலந்து கொடுத்தார்கள். ஒரே சுடுகாடு. குறை சொல்ல நிறைய இருக்கிறது. பெரிய குறை, ஊரையும் சேரியையும் அப்படியே கிடக்க விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு இடத்தைக் கட்டியது. ஆனால் அதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கலந்து வாழுங்கப்பா என்று உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. எண்ணிக்கையை எழுதி வைத்தார்கள். எண்ணிக்கை எழுதாத சமத்துவம் கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுகிற மாதிரி. சேரிக்கு அந்தப் பத்திரிகை வராது.

ஆகவே வடிவமைக்கிறவர்களே, கேளுங்கள். சங்கமோ, அலுவலகமோ, பள்ளிக்கூடமோ, ஊராட்சியோ, இலக்கியக் கூட்டமோ எதுவாகவும் இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்ய இடம் போடுகிறீர்கள் என்றால் மேசையை அளக்கிறதுக்கு முன்னால் ஐந்து சங்கதிகளைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்று, தண்ணீர். ஒரே பானை, ஒரே டம்ளர் வரிசை. ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரும் நாகரிகத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள், ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து பொங்கிச் சேர்ந்து சாப்பிடட்டும். உலை வைப்பது முறைபோட்டு வரட்டும். எவன் அன்றைக்குப் பார்த்து விரதம் இருக்கிறான் என்று தெரிந்துபோகும்.

இரண்டு, துடைப்பம். இடத்தைப் பயன்படுத்துகிறவன் எவனோ அவனே முறைபோட்டுக் கூட்டணும், கழுவணும். கக்கூஸ் உட்பட. தலைவருக்கும் முறை உண்டு, கவிஞருக்கும் முறை உண்டு. அதற்கென்று ஆள் வைத்தே தீரணும் என்றால் அந்த ஆளுக்குச் சரியான கூலியும் அந்த மேசையில் ஒரு நாற்காலியும், பேச்சில் ஒரு முறையும் கொடுங்கள்.

மூன்று, சாவி. பொது இடம் என்று பலகை மாட்டிவிட்டுச் சாவியை ஊர்க்காரர் வீட்டு ஆணியில் தொங்கவிட்டால் அது அவர் வீட்டுத் திண்ணைதான். கட்டிடம் யாருடையது என்று பத்திரத்தில் பார்க்க வேண்டாம். பூட்டியிருக்கிற நேரத்தில் யார் யாரிடம் போய் நின்று கேட்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள், போதும்.

நான்கு, எண்ணிக்கை. எத்தனை நாற்காலி யாருக்கு, கூட்டத்துக்கு யார் தலைமை, தீர்மானத்தை யார் எழுதுவது, கணக்கு நோட்டு யார் கையில் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கணும். 'நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம்' என்று எவன் சொல்கிறானோ, எல்லாமே அவன் கையில்தான் இருக்கும்.

ஐந்து, இடம் இருக்கிற இடம். இதுதான் முக்கியம். பொதுக்கூடம் ஏன் எப்போதும் ஊருக்குள்ளேயே இருக்கிறது? ஊராட்சி அலுவலகம், நூலகம், ரேஷன் கடை, வாக்குச்சாவடி... சேரியிலிருந்து நாங்கள் நடந்து நடந்து வந்தோம். இனி சேரியில் கட்டுங்கள். ஊர் நடந்து வரட்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால் அந்த ஊரின் சமத்துவம் எத்தனை முழம் என்று ஒரே நாளில் அளந்துவிடலாம்.

இதை வெளியே சொல்கிறபோது உள்ளேயும் சொல்லியாக வேண்டும். நம் இயக்கங்களின் கூட்டங்களில் டீ போடுவது யார்? விடிய விடிய ஆண்கள் சாதி ஒழிப்பைப் பேசிக்கொண்டிருக்க, அடுப்படியில் நிற்பது யார்? கூட்டம் முடிந்து அண்டா கழுவுகிற பொம்பளைக்குத் தீர்மானம் என்னவென்று சொன்னீர்களா? அவளிடம் கேட்டீர்களா? தண்ணீர், துடைப்பம், சாவி, எண்ணிக்கை எல்லாம் அவளுக்கும் சேர்த்துத்தான். சேரிக்குள் இருக்கிற அடுப்படியைச் சேரிக்குள் இன்னொரு சேரியாக வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நியாயம் கேட்க நமக்கு வாய் வராது.

'வேலை நடக்க வேண்டிய இடத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள், திறமை கெட்டுவிடும்' என்பார்கள். கெட்டுப்போனது ஏற்கெனவேதான். நெசவுத் தறிக்குப் போகவேண்டிய கையை வெளியே நிறுத்தியது யார்? தேர்ந்தெடுத்த தலைவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அந்த ஊராட்சியில் என்ன வேலை ஒழுங்காக நடந்திருக்கும்? ஃபைலைக் கையில் கொடுக்கக் கூசுகிறவனோடு சேர்ந்து எந்தக் கணக்கை முடிக்க முடியும்? சாதியை நாங்கள் இழுத்துக்கொண்டு வரவில்லை. உங்கள் மேசைக்கு அடியிலேயே படுத்துக்கிடக்கிறது. குனிந்து பாருங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

குனிந்து பார்க்க மனமில்லாதவர்கள் சுவரை இடிக்கட்டும், கண்ணாடி மாட்டட்டும், மேசையை உருட்டி உருட்டி வட்டமாக்கட்டும். சேர்ந்து வேலை செய்யணும் என்று உண்மையிலேயே நினைக்கிற தோழர்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் சங்கத்தின், உங்கள் அமைப்பின், உங்கள் பத்திரிகையின் அடுத்த கூட்டத்தைச் சேரியில் போடுங்கள். தண்ணீர் நாங்கள் தருகிறோம். முடிந்ததும் நீங்கள் கூட்டிவிட்டுப் போங்கள்.